சாப்பாட்டு மணி அடித்ததும் காணாமல்போன மாணவி: பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2023–24 கல்வியாண்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அங்கு உயிரியல் ஆசிரியை; அவ்வாண்டு பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவுக்கு வகுப்பாசிரியையாகவும் இருந்தேன். மாணவியும் அவளுடைய பாட்டியும் சம்மதித்த பின்பே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வளரிளம் பருவத்துப் பிள்ளை பசியோடு இருக்கும்போது என்ன சாப்பிடுகிறது, எப்போது சாப்பிடுகிறது, எப்போது சாப்பிட மறுக்கிறது என்பதையெல்லாம் வீட்டில் உள்ள அரிசியைப் போலவே சுற்றி இருப்பவர்களின் பார்வையும் தீர்மானிக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அந்தத் தாமதத்தால் ஒரு மாணவி இரண்டு மாதம் கூடுதலாகப் பட்டினி கிடந்தாள்.

மாணவிக்கு அப்போது 16 வயது நிறைய நான்கு மாதம் இருந்தது. பெற்றோர் இருவரும் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்கள். பொங்கலுக்கும் ஊர்ப் பண்டிகைக்கும்தான் வருவார்கள். வீட்டில் அவள், நான்காம் வகுப்புப் படிக்கும் தம்பி, பாட்டி ஆகிய மூவர். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. கேழ்வரகும் சாமையும் அவரையும் விளைந்த அந்த நிலம் இப்போது மரவள்ளிக்குக் குத்தகைக்குப் போய்விட்டது. பெங்களூரிலிருந்து வரும் பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. நிச்சயமாக வருவது ரேஷன் அரிசியும் பாட்டியின் முதியோர் உதவித்தொகையும் மட்டுமே. அந்தத் தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது.

பத்தாம் வகுப்பு வரை அவள் படித்தது தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளியில். அங்கே மதியம் சத்துணவு உண்டு, முட்டை உண்டு, வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அவள் தெருப் பிள்ளைகள். 1982 ஜூலை 1 அன்று ஊரகப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் அந்த வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆக, உடல் வேகமாக வளர்ந்து முடியும் கடைசி இரண்டு பள்ளி ஆண்டுகளில், பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 கலோரியும் 32 மில்லிகிராம் இரும்புச்சத்தும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறும் அதே வயதில், பள்ளி அவளுக்கு ஒரு வேளைகூடச் சோறு போடுவதில்லை. பிளஸ் ஒன்னில் எங்கள் பள்ளிக்கு வந்த நாளில் அவளுடைய குடும்ப வருமானம் குறையவில்லை. அவளுக்கு உறுதியாகக் கிடைத்துவந்த ஒரு வேளைச் சாப்பாடு நின்றது, அவளை அறியாத நாற்பத்தைந்து பேர் சுற்றிலும் வந்து உட்கார்ந்தார்கள்.

கவனித்தவை

ஜூலை கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டதற்கு, "இட்லி டீச்சர்" என்றாள். அன்று அவள் குடித்தது ஒரு டம்ளர் வரட்டீ மட்டுமே என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். காலை 7 மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் பள்ளிக்கு வர முடியும். சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேர மாலை 6.30 ஆகும். பதினொன்றரை மணி நேரம்.

அதன் பிறகு நான் மதிய இடைவேளைகளில் கவனிக்கத் தொடங்கினேன். மணி அடித்ததும் அவள் கையில் ஒரு புத்தகத்தோடு நூலகத்துக்கோ, கூட்டம் குறையும் வரை குழாயடிக்கோ போய்விடுவாள். யாராவது அழைத்தால், "எனக்கு மதியானம் பசிக்காது, காலையிலயே நிறைய சாப்பிட்டுட்டேன்" என்பது அவளுடைய பதில். வகுப்பில் நகரத்துப் பிள்ளைகள் எலுமிச்சைச் சாதமும் முட்டைப் பொரியலும் கொண்டுவருவார்கள். சிலர் பேக்கரியில் பப்ஸ் வாங்குவார்கள். அவள் வீட்டில் கேழ்வரகு கிடைத்த நாட்களில் இரவு கிண்டுவது களி. காலையில் மீதமிருந்தாலும் அதை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவர அவள் துணியவில்லை. முதல் வாரம் ஒரே ஒரு நாள் கொண்டுவந்ததாகவும், பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து "என்னடி இது, கல்லு மாதிரி இருக்கு" என்றதாகவும் பிறகு சொன்னாள். சொன்ன பெண்ணுக்கு அது மறந்தே போயிருந்தது.

கையில் பணமே இல்லாதவள் என்றும் சொல்ல முடியாது. பாட்டி தினமும் பத்து ரூபாய் கொடுத்தாள். அந்தப் பத்து ரூபாய்க்கு இரண்டு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி வறுகடலையோ கிடைக்கும். அவள் வாங்கியது ஐந்து ரூபாய் மசாலா சிப்ஸ் பாக்கெட் இரண்டு. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு நாள் மாடிப்படியின் அருகே நின்று பார்த்தேன். பாக்கெட்டைக் கிழித்து முதலில் இந்தப் பக்கம் நீட்டினாள், அடுத்து அந்தப் பக்கம், பிறகு பின்னால் இருந்தவளுக்கு. எல்லாரும் எடுத்த பிறகு பாக்கெட்டைச் சாய்த்து, அடியில் இருந்த தூளை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டாள். பத்து ரூபாயில் அவள் வாங்கியது அந்த வட்டத்தில் நிற்க ஓர் இடம். வறுகடலைக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

ஆகஸ்ட் 15 விழாவன்று ஊர்க்காரர் ஒருவர் எல்லா மாணவர்களுக்கும் வெஜிடபிள் பிரியாணி போட்டார். அவள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். அரை மணி நேரத்தில் கழிப்பறைக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். "காணாததைக் கண்ட மாதிரி" என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொன்னார். நம்மிடையே எத்தனையோ தலைமுறையாகப் புழங்கும் இந்தச் சொல் ஏழைப் பிள்ளையின் குணத்தைப் பழிக்கிறது. நடப்பதோ உடலின் வேலை. அடுத்த வேளை நிச்சயமில்லை என்று பழகிய உடல், கிடைக்கும்போது நிறைந்த பின்னும் நிறுத்தாது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துச் செய்த ஆய்விலும், பட்டினி முடிந்த பின் பலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் யாரும் ஏழைகளாக வளர்ந்தவர்கள் அல்லர்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் யார் வீட்டுக் குழம்பை யார் வாங்கிச் சாப்பிடுவது என்பதற்குச் சாதிக் கணக்கு இன்றும் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் டிபன் பாக்ஸ் மூடியில் குழம்பு எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் போவதில்லை என்பதைப் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். இந்த மாணவி உட்கார்ந்த மூலைக்கு அது வருவதில்லை.

முதல் முடிவும் அதன் விளைவும்

ஆகஸ்ட் மூன்றாம் வாரம், எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளரிடம் பேசி, ஆறு முதல் பத்து வரையிலான பிள்ளைகள் சாப்பிட்ட பின் மீதமிருந்தால் இவளுக்கும் போடச் சொன்னேன். கணக்கில் பெயர் இல்லாத பிள்ளைக்கு எத்தனை நாள் போட முடியும் என்று அவர் தயங்கினாலும் மனமிரங்கிச் சம்மதித்தார். நான் செய்த பிழை இதற்குப் பின்னால் வந்தது. நான்காவது பாடவேளை முடியும்போது, வகுப்பிலேயே, எல்லாரும் கேட்க, "நீ சத்துணவுக் கூடத்துக்குப் போயிட்டு வா, சொல்லி வச்சிருக்கேன்" என்றேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் குரலைத் தாழ்த்தக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு நாள் போனாள். அங்கே அவளைவிடச் சிறிய பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் பள்ளிக்கே வரவில்லை. தொடர்ந்து நான்கு நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சத்துணவுன்னு கூப்பிடறாங்க டீச்சர்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு செப்டம்பர் வரை அவள் நூலகத்துக்குப் போவதையும் விட்டுவிட்டு, மதிய நேரத்தில் நான் தேடினாலும் கண்ணில் படாமல் இருந்தாள்.

வீட்டில் கண்டவை

செப்டம்பர் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை, உடற்கல்வி ஆசிரியையை உடன் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அறிவுரை சொல்லப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கத்தான் போனோம் என்பதைப் பாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொல்லி, "கேவுரு இருந்தா கூழாச்சும் கரைச்சிக் குடுப்பேன், அதுவும் தீந்து போச்சும்மா" என்றார். தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 மே மாதம் முதல் ரேஷனில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு தரப்படுகிறது; மூவருக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இருபதாம் தேதிக்கு மேல் ரேஷன் அரிசியும் குறைந்துவிடும். அந்தப் பத்து நாட்களில் பாட்டி இரவு சாப்பிடுவதில்லை. பேத்தி காலையில் சாப்பிடுவதில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் பசிக்கவில்லை என்றே சொல்லிக்கொள்வார்களாம்.

தம்பியின் நிலை வேறு. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு வந்துவிட்டதால் அவனுக்குப் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு. ஒரே வீட்டில் ஒன்பது வயதுப் பையனுக்கு இரண்டு வேளை உறுதியாக உண்டு, அவனைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் அக்காவுக்கு ஒரு வேளையும் உறுதியில்லை. அப்படியிருந்தும் வீட்டில் முட்டை வாங்கினால் அது அவனுக்குத்தான் என்பதைப் பாட்டி எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். அவளும் அதை நியாயம் என்றே நினைத்தாள்.

கிளம்பும்போது, அவளே தன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். உள்ளே ஏழு நீல மாத்திரைகள். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும், 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரைகள் அவை. சாப்பிட்ட பின் போட வேண்டும் என்று நாங்கள் சொல்லித்தான் கொடுத்தோம். சாப்பிடாதவள் வெறும் வயிற்றில் போட்டு, குமட்டி, அதன் பிறகு நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு நாங்கள் நகர்ந்ததும் எடுத்துவிட்டிருக்கிறாள். என் பதிவேட்டில் ஏழு வாரமும் அவள் பெயருக்கு நேராக "உட்கொண்டார்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அடுத்த செவ்வாயன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது உயரம் 152 செ.மீ., எடை 37 கிலோ, ஹீமோகுளோபின் 9.4 கிராம். அவள் வயதுப் பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை. 8 முதல் 10.9 வரை மிதமான நிலை எனக் கொள்ளப்படுகிறது. மருத்துவர் குடற்புழு நீக்க மாத்திரையும், மூன்று மாதத்துக்குத் தினசரி இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடவும், அதற்கு முன்னும் பின்னும் தேநீர் குடிக்காமல் இருக்கவும் சொன்னார். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்வதைத் தடுக்கும்.

ஏணிப் படம்

தன்னைச் சமூகத்தின் எந்தப் படியில் ஒருவர் வைத்துப் பார்க்கிறார் என்பதை அறிய, பத்துப் படிகள் கொண்ட ஏணிப் படத்தைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்று உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படுகிறது. அதை ஒரு தாளில் வரைந்து, இரண்டு கேள்வி கேட்டேன். உன் ஊரில் உன் குடும்பம் எந்தப் படி என்றதற்கு ஐந்தாம் படியில் புள்ளி வைத்தாள். இந்த வகுப்பில் நீ எந்தப் படி என்றதற்கு இரண்டாம் படி. தாம் மற்றவர்களைவிடக் கீழே இருப்பதாக ஒருவரைத் தற்காலிகமாக உணரவைத்தாலே அவர் கூடுதல் கலோரி உள்ள உணவை நாடுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாள் முழுவதும் அந்த எண்ணத்தோடு, உண்மையான பசியோடும் இருக்கும் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்பதற்கு எனக்கு அந்த இரண்டு புள்ளிகளே போதுமான விளக்கமாக இருந்தன.

இரண்டாவது முடிவு

காலாண்டு விடுமுறைக்குப் பின், இனி அவளுக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். எது செய்தாலும் நாற்பத்தாறு பேருக்கும் சேர்த்தே செய்வது. அதில் அவளும் ஒருத்தியாக இருப்பாள்.

முதலாவது, மாலைச் சிறப்பு வகுப்புக்கு முன் எல்லாருக்கும் சுண்டல். பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஆசிரியர்கள் சிலரும் செலவைப் பகிர்ந்துகொண்டோம். நாளுக்கு 2 கிலோ கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு போதுமானதாக இருந்தது. தேவைப்படுபவர் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிக்கச் சிலர் யோசனை சொன்னார்கள். அப்படி அறிவித்தால் தேவைப்படுபவர்தான் வரமாட்டார் என்று மறுத்தேன். வகுப்புத் தலைவி வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவாள், எல்லாரும் வாங்குவார்கள்.

இரண்டாவது, மதியச் சாப்பாடு. புங்க மரத்தடியில் வகுப்பே ஒன்றாக, செய்முறைக் குழு வரிசைப்படி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். இது எளிதாக நடக்கவில்லை. முதல் வாரம் ஆறு பேர் தனியே போய்ச் சாப்பிட்டார்கள், ஒரு தந்தை நேரில் வந்து, "எம் பொண்ணு யார்கூட உக்காந்து சாப்பிடணும்னு நீங்க எதுக்குங்க சொல்றீங்க?" என்று கேட்டார். ஆய்வகத்தில் யாரோடு நிற்கிறாளோ அவர்களோடு உட்காரட்டும் என்று மட்டும்தான் பதில் சொன்னேன். தலைமையாசிரியர் என் பக்கம் நின்றார். இல்லாவிட்டால் அந்த வாரத்தோடு நின்றிருக்கும்.

மூன்றாவது, நான் களி கொண்டுபோகத் தொடங்கினேன். வாரம் இரண்டு நாள், எவர்சில்வர் டப்பாவில் இரண்டு உருண்டை, கீரைக் கடைசல், ஓர் எலுமிச்சைத் துண்டு. என் பிறந்த வீட்டுச் சாப்பாடும் அதுதான். ஆசிரியை ஆன பிறகு பள்ளிக்கு அதைக் கொண்டுவந்ததில்லை என்பதை அப்போதுதான் யோசித்தேன். களியை மெல்லாமல் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று தெரியாமல் நகரத்துப் பிள்ளைகள் திணறியபோது, அவள்தான் சிரித்துக்கொண்டே செய்து காட்டினாள். வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடத்தின்போது, 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதையும், அதே அளவு தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே இருப்பதையும் கரும்பலகையில் எழுதினேன். மூன்றாவது வாரம் அவள் களி கொண்டுவந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

பின்பு நடந்தவை

ஜனவரியில் ஹீமோகுளோபின் 11.2 கிராம்; மார்ச்சில் எடை 40.5 கிலோ. இரத்தசோகை முழுதாக நீங்கவில்லை. பெரும்பாலான நாட்களில் மதியம் சாப்பிட்டாள். மாதக் கடைசி வாரத்தில் வெறும் கையோடு வருவது நிற்கவில்லை, ஆனால் அந்நாட்களில் மரத்தடியைவிட்டுப் போகாமல் குழுவில் ஒருத்தியின் டப்பாவிலிருந்து சாப்பிட்டாள். பாக்கெட் வாங்குவது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. சுண்டலில் பாதியைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் ஆண்டு முடியும்வரை இருந்தது. அது பாட்டிக்கா, பிறகு தான் தின்பதற்கா என்று நான் கேட்கவில்லை.

அதே வகுப்பில் இன்னொரு மாணவி இருந்தாள். பூசிய உடம்பு, எப்போதும் கையில் ஒரு பாக்கெட். "சாப்பாட்டைக் கொஞ்சம் குறை" என்று நானே ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். பொங்கல் விடுமுறைக்குப் பின் அவள் வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீட்டில் விசாரித்தபோது, முதல் மாணவியின் வீட்டைவிட மோசமான நிலை அங்கே. மதியச் சோறு இல்லாத நாட்களை அவள் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளாலும் சர்க்கரை அதிகம் போட்ட டீயாலும் கடத்தியிருக்கிறாள். எடையைப் பார்த்துப் பசியைத் தேடியதால் அவள் என் கண்ணில் படவேயில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது பிளஸ் ஒன்னில் சேரும் எல்லாப் பிள்ளைகளிடமும், முதல் மாதத்திலேயே, தனித்தனியாக, "போன மாசம் அரிசி தீர்ந்து போன நாள் உண்டா, அன்னிக்கு யார் சாப்பிடல?" என்று கேட்கிறேன். "சாப்பிட்டாயா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமைகளையும் இருபதாம் தேதிக்குப் பிந்தைய நாட்களையும் தனியாகப் பார்க்கிறேன். நீல மாத்திரையைச் சுண்டலுக்குப் பிறகு மாலையில்தான் கொடுக்கிறோம். பெட்டிக்குள் போகும் மாத்திரைகள் குறைந்திருக்கின்றன. அந்த மாணவியை எல்லாரும் கேட்கச் சத்துணவுக்கு அனுப்பிய அந்த நாளைத் திரும்பச் செய்ய முடியுமானால், முதலில் அவள் வீட்டுக்குப் போயிருப்பேன்.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் சத்துணவை நீட்டிக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறோம். அதன் கீழே கையெழுத்திட்ட பெற்றோர்களில், மகள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டு வந்த அந்தத் தந்தையும் ஒருவர்.